ஒரு மீட்டர் புல்

பட்டாபிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், பாறையும் கீக்கர் என்கிற கருவேல முள்ளுமாகக் கிடக்கும் ரிட்ஜ் காட்டில் அவனுக்கென்று ஒரு சதுர மீட்டர் நிலம் இருந்தது. நாலு முளையடித்துக் கயிறு கட்டி, உள்ளே என்னென்ன முளைக்கிறது என்று ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தாவரவியலில் அவனுக்குப் பட்டம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தப் புல்லின் கையில் இருந்தது. திங்கட்கிழமை பேராசிரியர் கல்யாணராமன் நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

மாடு மேய்ந்துவிடுமோ, குரங்கு பிடுங்கிவிடுமோ என்று வாரம் முழுக்க ஓடி ஓடிப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை, அனுமாரை நினைத்துக் குரங்குகளுக்கு வாழைப்பழம் போட வந்த கடைக்கார லாலாஜியோடு சண்டைகூடப் போட்டான். ஞாயிறன்று கரோல்பாகில் சித்தி பையனுக்குப் பூணூல். போகாவிட்டால் அம்மா தொலைத்துவிடுவாள். பந்தியிலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பாயசத்துக்குக் காத்திராமல் பஸ் பிடித்தான்.

காட்டில் அவனுடைய சதுரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சதுரம். பத்து மடங்கு பெரியது. அதற்கும் முளை, கயிறு. நடுவில் மண்வெட்டியும் கையுமாக ஒரு பெண்.

"ஐயையோ!" என்று அவன் போட்ட சத்தத்தில் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம ஊருப் புள்ள! நான் வீராயி, சேலம். அந்தா, ஹாஸ்டல் கட்டுற எடத்துல வேலை. முளையடிச்சது நீங்கதானா தம்பி? சர்க்கார் மனை அளக்குதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஜல்தியா நானும் பக்கத்துல புடிச்சுட்டேன்."

பட்டாபி தன் சதுரத்தைப் பார்த்தான். ஒரு புல் இல்லை. செதுக்கிச் சாணி மெழுகியிருந்தது.

"பக்கத்து வீடாச்சேன்னு உங்களுதையும் மெழுகிட்டேன். ஆனா என்ன தம்பி, இத்துனூண்டு? காலை நீட்டக்கூட முடியாது. யாரு குடியிருக்கப் போறா?"

"புல்லு."

"புல்லுக்குமா மனை குடுக்கறாங்க?"

மறுநாள் காலை பேராசிரியர் குனிந்து பார்த்தார். "என்னடா இது, மெழுகியிருக்கு?"

பட்டாபி தூங்காமல் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். "வெறும் தரையில எது முதல்ல திரும்பி வரதுன்னு பாக்கலாம்னு, சார்."

அவர் சாணியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"பேஷ். இன்னும் ஒரு வருஷம் பாரு. பட்டம் அப்புறம்."

அவர் தலை மறைந்ததும் வீராயி ஓடி வந்தாள். "பெரியவரு என்ன சொன்னாரு? மனை நிக்குமா?"

"உங்களுது தெரியாது. என்னுது ஒரு வருஷம் நிக்கும்."

"அச்சா! நீங்க நிம்மதியாப் படிங்க தம்பி. ஒரு புல்லு முளைக்க விடமாட்டேன்."