வெள்ளை அடித்த படம்

“அம்மா, அந்தப் படங்கள எடுத்து உள்ள வச்சிடலாம் லா. வரவங்க என்னா ஏதுன்னு கேப்பாங்க,” என்றாள் கேரன், ஒரு படத்தைப் பாதி கழற்றியபடி.

“கேக்கட்டும். உங்கப்பா இருந்தப்பவும்தான் கேட்டாங்க. அப்படியே மாட்டு,” என்றாள் சாந்தமேரி.

கிள்ளான் வீட்டுக் கூடத்தின் நடுவே கிரிகரி சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். வாழ்நாள் முழுக்க அறிவியல் ஆசிரியர். ஓய்வு பெற்றதும் தூரிகையைப் பிடித்தார். மரமோ முகமோ வரையமாட்டார், நிறம் மட்டும்தான். தெரிந்த பொருளைக் கண்டால் மூளை அதற்கொரு பெயரைச் சூட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுமாம். பெயர் வைக்க முடியாததைக் கண்டால்தான் மனம் தானாகக் கலங்குமாம். புத்தகம் புத்தகமாகப் படித்துவிட்டு இதைச் சொல்வார். குழம்பு கொட்டிய மேசைத்துணி மாதிரி இருக்கிறது என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

சாந்தமேரி சிரித்ததில்லை. படம் முடிந்ததும் அவளை அதன் முன்னால் உட்கார வைத்து, கோவிட் காலத்தில் வாங்கிய நாடி பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டிவிடுவார். எதற்கென்று கேட்டால், “சொல்லிட்டா டெஸ்ட் கெட்டுடும், மேரி. நீ சும்மா பாரு,” என்பார். அவளுக்கு பிரஷர் உண்டு. கிளினிக்கில் எண் குறைந்திருந்தால் தாதி “பாகுஸ், ஆன்டி” என்று பாராட்டித் தட்டிக்கொடுப்பாள். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கிளிப் விரலைக் கவ்வியதும் மனதுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்கிவிடுவாள். எண் ஏறவே ஏறாது. கணவர் வைத்த பரீட்சையில் தேறிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

ஒரே ஒரு படம்தான் அவளை ஆட்டிவைத்தது. முழுக்கச் சாம்பல் நிறம், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். பார்த்ததுமே, பிறந்த அன்றே போய்விட்ட மூத்த பிள்ளையின் நினைவு எங்கிருந்தோ வந்து நின்றது. பயந்துபோய், ஜெபத்தை விடாமல் சொல்லி அடக்கிக்கொண்டாள். கிரிகரி எண்ணைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். மறுநாள் அந்தப் படத்தின்மேல் வெள்ளை அடித்திருந்தார். அதன்பின் தூரிகையைத் தொடவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை என்றார். அவளும் நம்பினாள்.

பாதிரியார் ஜெபத்தை முடித்துப் போனதும் ராஜன் அவளருகே வந்து உட்கார்ந்தான். கிரிகரியிடம் படித்தவன், இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஓவியம் கற்றுக்கொடுக்கிறான்.

“ஏன் சார் வரையறத நிறுத்திட்டீங்கன்னு எவ்வளவோ கேட்டேன், ஆன்டி. போன மாசம்தான் சொன்னாரு.”

“என்னா சொன்னாரு?”

ராஜன் தயங்கினான். “மனசு கலங்கினா நாடி ஏறும்ல. உங்களுக்கு ஏறுதான்னு பாக்கத்தான் கிளிப் மாட்டினாராம். ‘எங்க மூத்த பிள்ளைய நெனச்சு வரைஞ்சேன், ராஜன். அதுக்கும் மேரிக்கு ஒண்ணும் தோணல. எனக்கு வரைய வரல லா’ன்னாரு.”

சாந்தமேரி கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“கொறையணும்னு நெனச்சேன், தம்பி,” என்றாள். “ஜெபம் சொல்லிச் சொல்லிக் கொறச்சேன்.”

ஒரு வார்த்தை கிரிகரி சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். அழுதிருந்தால்கூடப் போதும். தோற்றுப்போனவராகவே மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“ஆன்டி, மூடலாமா? சர்ச்சுல காத்துக்கிட்டு இருக்காங்க,” என்றார் பெட்டிக்காரர்.

அவள் எழுந்து பெட்டியருகே போனாள். கிரிகரியின் கைகள் நெஞ்சின்மேல் விறைத்திருந்தன, தூக்க முடியவில்லை. குனிந்து, தன் மணிக்கட்டை அவருடைய விரல்களுக்கு அடியில் மெல்ல நுழைத்தாள். நாடி துடிக்கும் இடத்தில் அந்த விரல்கள் படும்படி வைத்து, மறு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை ஜெபம் எதுவும் சொல்லவில்லை.

“அம்மா, நேரமாச்சு,” என்று கேரன் அவள் தோளைத் தொட்டாள்.

“கொஞ்சம் இரு. அப்பா பாக்கட்டும்.”

மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த பெட்டிக்காரரின் ஆட்கள் இருவரும் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள்.