அரைக்கண்

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். கிழவர் மட்டும் இடது கண்ணை மூடி, வலது கண்ணை நூலளவு திறந்து வைத்திருந்தார். இது இன்று நேற்றுப் பழக்கமில்லை. சபையில் அவருக்கு அரைக்கண் என்றுதான் பேர். வாசலில் கழற்றிவிட்ட செருப்பு யார் காலில் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டேதான் ஆமென் சொல்லுவார். கேட்டால், "ஆண்டவர் விழிச்சிருக்கச் சொல்லலையா? நான் அதைப் பாத்துக்கறேன். நீங்க ஜெபத்தைப் பாருங்க" என்பார். பக்கத்தில் இருக்கும் மனைவி விலாவில் இடிப்பாள். "ஏ மனுஷா, கண்ணை மூடு. கடவுள் ஒண்ணும் எந்திரிச்சு ஓடிட மாட்டாரு."

இடிக்க இப்போது ஆள் இல்லை. அவள் போன பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது.

மகள் வீட்டு முன்னறையில் தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்த ஆளைத் தரிசனக்காரர் என்கிறார்கள். வெள்ளைச் சட்டை, வழித்த முகம், தாழ்ந்த குரல். கிழவர் அவருடைய விரலைப் பார்த்தார், சட்டைப் பையைப் பார்த்தார், இமையைப் பார்த்தார். இமை நன்றாகவே மூடியிருந்தது. நெற்றியில் வேர்வைகூட நிஜம். ஒன்றும் சிக்கவில்லை. அதுவே கிழவருக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா வந்து நிக்கிறாங்க," என்றார் தரிசனக்காரர். "‘என்னங்க, கவலைப்படாதீங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல’ங்கிறாங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிழவருக்கும் நெஞ்சில் ஏதோ நகர்ந்தது. நகர்ந்ததை அவர் சந்தேகமாகவே கவனித்தார்.

ஆட்கள் போன பிறகு மகள் காப்பியை நீட்டினாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா நேராவே பேசுவாங்களாம்ப்பா. அவங்க மூக்குக்கண்ணாடி வேணுமாம். நீங்க உங்க வாயால ஒரு தரம் ‘வா’ன்னு கூப்பிடணுமாம்."

"ஆண்டவரைக் கூப்பிட்ட வாய் இது."

"ரெண்டு பேரையும் கூப்பிட்டா என்ன கொறஞ்சுரும்?"

"ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு ஏன் வரல?"

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். "அங்க பாஸ்டர் பேசுறாரு. இங்க அம்மா பேசுறாங்க."

கிழவர் காப்பியை அப்படியே வைத்துவிட்டார். காசு கேட்டிருந்தால் பரவாயில்லை, திருடன் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். இவன் காசு கேட்கவில்லை. வேறு எதையோ கேட்கிறான்.

அவருக்கு எழுத்துக் கூட்டவே வராது. வேதம் முழுக்கக் காது வழியாக ஏறியதுதான். கம்பியில் நூல் சுற்றிய அந்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனைவி வாசிப்பாள், இவர் கேட்பார். செத்தவர்களிடம் குறி கேட்கக் கூடாது என்ற இடம் வந்த அன்று, அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நான் போனா போனதுதான்யா. ஆண்டவர்கிட்ட போனவ நீ குழம்புல உப்பு போட்டியான்னு பாக்கவா திரும்பி வருவேன்?"

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே தரிசனக்காரர் பைக்கைத் தள்ளிக்கொண்டு கிழவரின் பங்சர் கடைக்கு வந்தார். பின் சக்கரம் படுத்திருந்தது. கிழவர் ட்யூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினார். குமிழி வரவில்லை; ஓட்டையே இல்லை.

"ஐயாவுக்கு என்மேல நம்பிக்கை வரல போல."

"ட்யூபு மேலயே வரல."

தரிசனக்காரர் சிரித்தார். கிழவருக்கு வாய் துறுதுறுத்தது. ஆளை இங்கேயே மடக்கிவிடலாம் என்று ஒரு துடிப்பு.

"‘என்னங்க’ன்னு சொன்னாளாக்கும்? குடும்பம் நடத்துன காலம் பூரா அவ என்னை அப்படிக் கூப்பிட்டதே கெடையாது. ‘ஏ மனுஷா’ம்பா. ஜெபத்துல கண்ணைத் தொறந்தா விலாவுல இடிப்பா. வந்தவ அதைச் சொல்லலையே?"

தரிசனக்காரர் முகம் கோணவில்லை. "அங்க போனா எல்லாரும் மாறிடுவாங்கய்யா," என்று மெதுவாகச் சொன்னார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் கிழவருக்கு உறைத்தது. மடக்கப் போய், சாவியைத் தானே கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை அவர் போகாமல் இருந்திருக்கலாம். மகளைத் தனியாக விட மனம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதையும் அவர் முழுசாக நம்பவில்லை. கண்ணாடியை மகள் முந்தியே எடுத்துப் போயிருந்தாள். அது அந்த ஆளின் மடியில் இருந்தது.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். வெகுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு நாற்காலியிலிருந்து அந்தத் தாழ்ந்த குரல் வந்தது.

"ஏ மனுஷா. கண்ணை மூடு."

மகள் "அம்மா!" என்று கத்தி அவர் கையைப் பிடித்தாள். கிழவருக்குத் தெரியும். எந்தக் கடையில், எந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் இந்த வார்த்தை கைமாறியது என்று அவருக்கும் அந்த ஆளுக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்தும் விலா தானாக ஒதுங்கியது, இடி விழப்போகிறது என்று. வலது இமை கனத்தது. பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும், இன்னொரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது.

"கூப்பிடுய்யா. ஒரு தரம் வான்னு சொல்லு."

"கூப்பிடுங்கப்பா," என்றாள் மகள். அவள் விரல் நகம் அவர் தோலில் பதிந்தது.

கிழவர் வாயைத் திறந்தார். உதடு ‘வா’வுக்குக் குவிந்தேவிட்டது. அந்த வார்த்தையை முழுங்கினார்.

"இயேசப்பா," என்றார். பங்சர் கடையில் லாரிக்காரனைக் கூப்பிடுகிற சத்தம். "இயேசப்பா, நீ வா."

மகளின் பிடி தளர்ந்தது, ஆனால் விடவில்லை. கிழவர் இன்னொரு கையை நீட்டி, அந்த மடியிலிருந்த கண்ணாடியை எடுத்தார். அப்போதுதான் பார்த்தார். தரிசனக்காரரின் இமை நூலளவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கிழவரும் பார்த்தார். கண்ணில் தண்ணீர் தேங்கி அந்த முகம் கலங்கியது. துடைக்கவில்லை. துடைத்தால் ஒரு நொடி மூடவேண்டி வரும்.