மிதக்காத கேமரா

கிருண்டாவுக்குப் பதிலாக ஒரு வாழைமரத்தைப் புதைப்பது என்று சித்தப்பா முகோயா முடிவு செய்தபோது, என் தம்பி நைல் நதிக்குள் போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. உடம்பு கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான். ஆள் உயரத்துக்கு வாழையை வெட்டி, மரப்பட்டைத் துணியில் சுற்றி, பெயர் சொல்லி அழுது, குழியில் இறக்குவார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி என்று ஊருக்கே ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு வாரம் குடுங்க சித்தப்பா. தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எத்தன வாரம்டி நைகாகா? ராத்திரியெல்லாம் நாய் வாசலப் பாத்து அழுவுது. அவன் உள்ளயும் வர முடியாம, போகவும் முடியாம நிக்கிறான்."

"ஞாயித்துக்கிழமை உடம்பு கெடைச்சா?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு குழி நம்ம வம்சத்துல வெட்டினதில்ல. வாழைய எறக்கிட்டா அதோட சரி. அப்புறம் கெடைச்சா ஆத்தங்கரையிலயே மூடிட வேண்டியதுதான்."

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசித்து ஊட்டி வளர்த்தவள் நான். அவனை ஆற்றங்கரையில் அநாதையாக மூடிவிட்டு, அம்மா பக்கத்தில் ஒரு வாழைமரத்தைப் படுக்கவைப்பார்களாம். நன்றாக இருக்கிறதே நியாயம்!

நாங்கள் இருவரும் ஜின்ஜா ஊருக்குக் கீழே ஆற்றோரம் ஒரு படகுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். ரப்பர் படகுகளில் வெள்ளைக்காரர்களை ஏற்றி, பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு இறங்கும் பாய்ச்சல்களில் விடுவார்கள். கிருண்டா ஒற்றையாள் படகில் முன்னால் போவான். கவிழ்ந்தவர்களைத் தூக்குவான், அவர்கள் அலறுவதைப் படமும் எடுப்பான். நான் கரையில் குடிசை போட்டு உட்கார்ந்து அந்தப் படங்களை விற்பேன். ஆகவே கேமராவைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. என் தலையெழுத்தும் அதுதான்.

கம்பாலாவில் கடைக்காரர் இரண்டு கேமராக்களை எடுத்துவைத்தார். ஒன்று மஞ்சள், தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஐந்து மீட்டர்தான் தாங்கும். இன்னொன்று கறுப்பு, உள்ளங்கையில் அடங்கும், பதினைந்து மீட்டர் ஆழம் தாங்கும், ஈரக்கையால் அழுத்தினாலும் பொத்தான் வழுக்காது. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டையும் போட்டுக் காட்டினார். மஞ்சள் மேலே நின்று ஆடியது. கறுப்பு ஒரே போக்காக அடிக்குப் போய் டொக்கென்று உட்கார்ந்தது.

"அக்கா, மெதக்குறதே வாங்குக்கா. கைய விட்டுப் போனாலும் திரும்பி வந்துரும்," என்றான் கிருண்டா.

"ஏன்டா கைய விட்டுப் போகுது? நீ என்ன கைக்குழந்தையா?"

"ஆத்துக்குள்ள வந்து பாத்தாத் தெரியும். குடிசையில குந்திக்கிட்டுப் பேசுறியே!"

"நான் கட்டித் தர்றேன் பாரு. ஆறே வத்தினாலும் அது உன் கையில இருக்கும்."

கறுப்பைத்தான் வாங்கினேன். தினமும் காலையில் மூடியைத் திறந்து, ரப்பர் வளையத்தில் ஒரு மணல், ஒரு முடி இல்லாமல் துடைத்துச் சாத்துவேன். பிறகு அதன் கயிற்றை அவன் வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அப்பா மாடு கட்டிய முடிச்சைப் போடுவேன். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. ஒற்றைக் கையால் அவிழ்க்க முடியாது. சாயங்காலம் வந்து குழந்தை மாதிரி கையை நீட்டுவான், நான்தான் அவிழ்த்துவிடுவேன்.

அவன் போன அன்றைக்கு, ஆற்றின் கடைசிப் பாய்ச்சலில் ஒரு ரப்பர் படகு கவிழ்ந்தது. ஆறு பேர். ஆறு பேரையும் ஒவ்வொருவராக இழுத்துக் கரைசேர்த்தான். ஏழாவதாக அவனுடைய படகு மட்டும் தலைகீழாக வந்தது.

அதற்கப்புறம் தினமும் என் பழைய சிவப்புப் படகில் தேடினேன். கடைசிப் பாய்ச்சலுக்குக் கீழே அணைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. முன்பு காடாக இருந்த இடம், செத்த மரங்களின் கிளைகள் மட்டும் வெளியே தெரியும். பதினேழாம் நாள் மாலை அங்கே நின்று, "டேய் கிருண்டா, எங்கடா இருக்க?" என்று வாய்விட்டுக் கத்தினேன். நீர்க்காகம் ஒன்று பறந்து போனது. களைத்துப் போய்க் கையைத் தண்ணீரில் விட்டுக் குனிந்திருந்தேன். குளிர்ந்ததாக ஏதோ விரலில் உரசியது, மெதுவாகச் சுற்றியது. பாசி! அருவருப்பில் கையை வெடுக்கென்று உதறி, பாவாடையில் துடைத்துக்கொண்டு, துடுப்பைப் போட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி இருக்கும், அடக்கத்துக்குப் போகாமல் குடிசையிலேயே இருந்தேன். மீன்காரர் பலிகேயா குடிசை வாசலில் வந்து நின்றார். வாய் ஓயாத மனிதர், அன்றைக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நைகாகா, இது உன் தம்பியோடதா பாரு."

அவர் நீட்டிய கையில் கறுப்புக் கேமரா இருந்தது.

"எங்க கெடைச்சுது? வலையிலயா?"

"வலையில வந்திருந்தா நான் ஏன் இப்படி நடுங்குறேன்? ஆகாயத்தாமரை ஒரு திட்டா மெதந்து வந்துச்சு. அதுக்கு மேல, எலையில, யாரோ எடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு சொட்டு ஈரமில்ல."

"இது மெதக்காதுண்ணே."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

கயிற்றைப் பார்த்தேன். அறுந்திருக்கும் என்று நினைத்தேன், அறுந்திருக்கவில்லை. முடிச்சு பக்குவமாக, இரண்டு கையால், நான் அவிழ்ப்பதுபோலவே அவிழ்க்கப்பட்டிருந்தது. பலிகேயா அதற்குமேல் நிற்கவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்று போய்விட்டார்.

மூடியைத் திறந்தேன். ரப்பர் வளையம் நான் துடைத்த மாதிரியே சுத்தமாக இருந்தது. பழைய மின்கலம் செத்துக் கிடந்தது. மாற்று மின்கலத்தைப் போட்டதும் பின்பக்கத் திரை எரிந்தது.

முதலில் அந்த வெள்ளைக்காரர்களின் சிரித்த முகங்கள். பிறகு படகின் அடிப்பாகம், நுரை, யாரோ ஒருவரின் கால். பிறகு பச்சையும் பழுப்புமாகத் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். பாய்ச்சலில் இறங்கும்போது கை துடுப்பில் இருக்குமே என்று, பத்து நொடிக்கு ஒருமுறை தானாகவே படமெடுக்கும்படி நான்தான் வைத்துக்கொடுத்திருந்தேன். மின்கலம் அதிகம் போனால் மூன்று மணி நேரம் ஓடும். படங்களும் சரியாக அன்று மாலையோடு நின்றிருந்தன. அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

அடுத்த பொத்தானை ஏன் அழுத்தினேனோ தெரியவில்லை. இன்னொரு படம் வந்தது. அதன் தேதி நான்காம் நாள். மேலே வெளிச்சம், குறுக்கே ஒரு மரக்கிளை. அடுத்தது ஒன்பதாம் நாள். அதே கிளைக்குமேல் ஒரு படகின் வயிறு, சிவப்பு நிறம், நடுவில் வெள்ளி ஒட்டுப்பட்டை. என் படகில் விழுந்த ஓட்டையை அடைக்க அதை ஒட்டியவள் நான்.

கடைசிப் படம் பதினேழாம் நாள், மாலை நான்கு பத்து.

என் முகம். தண்ணீருக்குக் கீழேயிருந்து எடுத்தது. வாய் திறந்திருக்கிறது, அழுதிருக்கிறேன். தலைக்குப் பின்னால் செத்த மரத்தின் கவட்டைக்கிளை, அதில் நீர்க்காகத்தின் கூடு. என் கை தண்ணீருக்குள் தொங்குகிறது. அந்தக் கையை நோக்கிக் கீழேயிருந்து இன்னொரு கை நீண்டிருந்தது. அதன் விரல்கள் என் விரல்களைச் சுற்றியிருந்தன.

ஐயோ, பாசி என்று உதறினேனே! பாவாடையில் துடைத்தேனே!

மோட்டார் சைக்கிள்காரனின் முதுகில் குத்திக் குத்தி ஓட்டச் சொன்னேன். வீட்டுத் தோட்டத்தில் ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. குழி வெட்டியாகிவிட்டது. வாழையைத் துணியில் சுற்றி நான்கு பேர் தூக்கிவிட்டார்கள். நான் போய்க் குழிக்குள்ளேயே குதித்தேன்.

"நைகாகா! புத்தி பிசகிப் போச்சா? ஏறி வாடி மேல!" சித்தப்பா கத்தினார்.

"எறக்குனீங்கன்னா என் மேலதான் எறக்கணும். மொதல்ல இதப் பாருங்க."

கேமராவை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இத... யாருடி எடுத்தது?"

"மேல இருந்தது நான், சித்தப்பா. கீழ இருந்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

சித்தப்பா திரும்பினார். "கீழ வைங்கடா அத. படக எடுங்க."

மூன்று மணிக்கு அந்த நீர்க்காகக் கூட்டுக்கு அடியில் இருந்தோம். வெயில் அடித்தது. இரண்டு பேர் முங்கிப் பார்த்து, தலையை வெளியே தூக்கியதும் கீழே ஓர் இடத்தைக் கையால் காட்டினார்கள். அவன் மிதவைச்சட்டையின் வார் ஒரு கிளையில் மாட்டியிருந்தது. ஒரு முழம், அவ்வளவுதான் ஆழம். வலது கை மேலே நீட்டியபடி இருந்தது. மணிக்கட்டில் என் கயிறு பதிந்த இரண்டு கோடுகள்.

"வாரை அறுக்கணும். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா, பாக்காத," என்றார் சித்தப்பா.

நான் திரும்பவில்லை. அன்றைக்குக் குனிந்த மாதிரியே குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டேன். அதே குளிர்ச்சி. அவர்கள் அறுத்து முடிக்கும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.