நாலடி அட்டைப்பெட்டி

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு கட்டுரையின் பிணத்திலிருந்து எழுந்தது. சின்ன வீட்டில் சிக்கலில்லாமல் வாழ்வது பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மனிதன் எதற்கும் பழகிக்கொள்வான் என்பது அதன் சாரம். ஆதாரத்துக்கு எங்கேயும் அலையாமல் என் வீட்டையே காட்டியிருந்தேன். கட்டுரை முடிந்த மறுநாளே அந்த ஆதாரம் காலை வாரிவிட்டது. கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தொடக்கம் அவ்வளவு லேசில் வரவில்லை. 'கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்த மீன் உலகத்தையே பார்த்துக்கொண்டு—'

வேண்டாம். மீன் அப்போது கண்ணாடிக்குப் பின்னால் இல்லை. எங்கள் குளியலறையில், துணி ஊறவைக்கும் நீல டப்பில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் பக்கவாட்டில் திரும்பி நின்று குளித்துக்கொண்டிருந்தோம்.

'சிறு வயதில் அவள் பட்ட துயரம்தான் அவளை—'

இதுவும் வேண்டாம். ஏன் என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

2.

மூன்று பேர் என்றேன். நான், என் மனைவி, மாமனார். மாமனார் தையல்காரர். மூட்டு ஒத்துழைக்காததால் கடையை மூடிவிட்டு, இரண்டு மாதம் முன்பு எங்களோடு இருக்க வந்தார். எங்களுடையது இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவர் கொண்டுவந்தது ஒரு பெட்டி, ஒரு பெரிய கத்திரி, ஒரு தங்கமீன். மீனுக்கு ஒன்பது வயது. கடையின் பின்பக்கம் சிமெண்டுத் தொட்டியில் வளர்ந்தது, ஒரு சாண் நீளம் இருக்கும்.

"ஒரு சின்ன பவுல் போதும் மாப்பிள்ளை. அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கும்" என்றார்.

வந்த அன்று தன்னைப் பற்றியும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். கட்டில் வாங்கலாம் என்றதற்கு, மடக்குக் கட்டில் போதும் என்றார். அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியதற்கு, அரைத் தட்டு போதும் என்றார்.

(நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. மீன் என்றால் மாமனார், தொட்டி என்றால் வீடு. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது பிரதி வரை எனக்கு இது தோன்றவே இல்லை. தோன்றியதும் மிகவும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை.)

3.

மீன் தொட்டி செய்து விற்கும் அந்தப் பெண்ணை எங்கள் பகுதியில் டேப் அக்கா என்பார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு டேப் தொங்கும். இந்தக் கதையில் நான் தயக்கமே இல்லாமல் வியக்கும் ஆள் அவர்தான். வியப்பை மறைத்து எழுதினால்தான் இலக்கியம் என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நான் போய் பவுல் கேட்டேன். எத்தனை மீன், எவ்வளவு பெரிது என்று கேட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். என் கைகளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"மீன் பிடிக்கறவங்க கூட்டிக் காட்டுவாங்க சார். தொட்டி வாங்கறவங்க குறைச்சுக் காட்டுவாங்க. வீட்டுக்குப் போய் அளந்துட்டு வாங்க."

எட்டு இன்ச் என்று அளந்துகொண்டு போனேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், அதற்கு ஒரு இன்ச் குறைந்தாலும் தரமாட்டேன் என்றார். உயரத்தைக் கூட்டி நீளத்தைக் குறைக்கலாமே என்று கேட்டேன். மீன் லிப்டில் ஏறி இறங்குவதில்லை, நீளவாக்கில்தான் நீந்தும் என்றார். திரும்பும்போது வால் கண்ணாடியில் படக்கூடாதாம். தங்கமீன் நிறையத் தின்று நிறைய அசுத்தம் பண்ணுமாம். கொஞ்சத் தண்ணீரில் அது சீக்கிரம் விஷமாகிவிடும், நிறையத் தண்ணீர் இருந்தால் நாம் ஒருநாள் தண்ணீர் மாற்ற மறந்து தொலைத்தாலும் மீன் பிழைத்துக்கொள்ளும். சின்னத் தொட்டிதான் சுலபம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதை அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ, என்னிடம் முதல்முறை சொல்வதுபோலச் சொன்னார். பிறகு தரையைப் பற்றி விசாரித்தார். தண்ணீர் நிரப்பினால் முந்நூறு கிலோவுக்கு மேல் வரும், சுவரை ஒட்டித்தான் வைக்க வேண்டும், வெயில் நேராகப் படக்கூடாது.

அத்தனையும் சொன்ன பிறகு தொட்டியை விற்றாரா என்றால் இல்லை. நாலடிக்கு ஒரு அட்டைப்பெட்டியை ஒட்டித் தந்தார். அது அவர் கடை வழக்கம். யாராக இருந்தாலும் முதலில் பெட்டிதான்.

"ஒரு வாரம் இதோட குடித்தனம் நடத்துங்க. ஒத்துவந்தா கண்ணாடி வெட்டறேன்."

இப்படிப்பட்ட ஒருவருக்குப் பின்கதை வேண்டாமா? எழுதினேன். சிறு வயதில் எட்டுப் பேர் ஒரே அறையில் நெருக்கியடித்து வாழ்ந்தவர், கால் நீட்டித் தூங்காதவர், அதனால்தான் மீனுக்காவது இடம் கேட்கிறார் என்று இரண்டு பக்கம். எனக்கே கண் கலங்கியது. கொண்டுபோய் வாசித்தும் காட்டினேன். கண்ணாடி ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்க வீடு பெரிய வீடுதான் சார். நல்லாத்தான் வளந்தோம். மீன் திரும்பறதுக்கு இடம் வேணும்னு சொல்றதுக்கு நான் எதுக்கு அழுதிருக்கணும்?"

இரண்டு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். விடாமல் அந்த மீன்-மாமனார் உவமையையும் எடுத்துச் சொன்னேன். அதற்கும் தலையாட்டவில்லை.

"அவர் வேற, மீன் வேற. இடம் பத்தலன்னா அவரு வாயைத் தொறந்து கேப்பாரு. மீன் எப்படிக் கேக்கும்?"

அவருக்கு என் மாமனாரை அவ்வளவாகத் தெரியாது.

4.

வீட்டில் வெயில் படாத சுவர் ஒன்றுதான், ஹாலில். ஏழடி. அதில் என் எழுத்து மேசை ஏற்கெனவே மூன்றரை அடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாலடிப் பெட்டியை வைத்ததும் மேசை அரையடி நகர்ந்து சமையலறை வாசலில் நீட்டிக்கொண்டு நின்றது. முதல் நாள் என் மனைவி மூன்று முறை இடுப்பில் இடித்துக்கொண்டாள். நான் இரண்டு முறை இடித்துக்கொண்டு, மீன்களைப் பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள் சொன்னேன். மாமனார் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இடம் அமையாவிட்டால் மீனை டேப் அக்கா கடையிலேயே விட்டுவிடலாம் என்று அன்று இரவு சாப்பிடும்போது சொன்னார். அதை அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருஷம் கையால் தீனி போட்ட மீன் அது.

மூன்றாம் நாள் இடி குறைந்தது. ஐந்தாம் நாள் கையில் பாத்திரத்தோடு சுலபமாகப் போய்வந்தோம். ஏழாம் நாள் காலை, அங்கே மேசை இருப்பதே தெரியவில்லை. ஆறாம் நாள் முடித்த கட்டுரையில் நான் இப்படி எழுதியிருந்தேன்: 'இடம் விரிவதில்லை, நாம்தான் மெல்ல—'

அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும்.

5.

ஏழாம் நாள் டேப் அக்கா வந்தார். பெட்டியின் ஒரு முனையில் டேப்பை மாட்டி இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"மூணடி ஆறு இன்ச் இருக்கு. யாரு வெட்டினது?"

நான் பெட்டியைப் பார்த்தேன். ஒரு வாரமாக அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அதன் முகப்பில் 'கவனமாகக் கையாளவும்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இப்போது 'கவனமாகக் கை' என்பதோடு நின்றது. நான் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்ப்பவன். விடுபட்ட ஒற்றைப் புள்ளிக்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

"நான்தாம்மா" என்றார் மாமனார்.

நான் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, தினமும் ஓரத்தைப் பிரித்து, ஒரு இன்ச் வெட்டி, திரும்ப ஒட்டி, என் மேசையையும் ஒரு இன்ச் தள்ளி வைத்திருக்கிறார். ஆறு நாள், ஆறு இன்ச். சட்டையைக் குறைத்து உடம்புக்குப் பிடிப்பதுபோல, பெட்டியை வீட்டுக்குப் பிடித்திருக்கிறார்.

டேப் அக்கா கோபப்படவில்லை. குனிந்து வெட்டின ஓரத்தில் விரலை ஓட்டினார். வெட்டு ரொம்ப நேராக இருக்கிறது, கத்திரியா பிளேடா என்று விசாரித்தார். கத்திரிதான் என்று இவர் எடுத்துக் காட்டினார். இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் வெட்டுவதைப் பற்றியே பேசினார்கள். துணி இழுபடும், அட்டை மடங்கும், கண்ணாடியை ஒரே இழுப்பில் கீற வேண்டும். அளவு தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்க எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்துக்கு நான் ஒரு பிரச்சினையின் நடுவில் நிற்பதையே மறந்துவிட்டேன்.

"மாப்பிள்ளை எழுதற மேசை வாசல்ல இடிக்குதும்மா. மூணரைல பண்ணிடு. அது இருந்துக்கும்" என்றார் மாமனார்.

"ஒருத்தருக்குச் சட்டையை ஆறு இன்ச் குறைச்சுத் தெச்சுட்டு, இருந்துக்கோன்னு சொல்வீங்களா ஐயா?"

மாமனார் கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "சொல்லமாட்டேன்" என்றார்.

என் மனைவி சமையலறைக்குள் போனாள். எதிலும் இடிக்காமல் போனாள். அதனால்தான் உள்ளே நின்று அழுதாள்.

கிளம்பும்போது டேப் அக்கா என்னிடம் மட்டும் சொன்னார். "மீனுக்கு ஒண்ணும் ஆகாது சார். கடையில பெரிய தொட்டி இருக்கு, நான் நல்லாப் பாத்துப்பேன். நாலடின்னா வெட்டறேன், இல்லன்னா மீனைக் கொண்டாந்துடுங்க. அடுத்த வாரம் போன் பண்ணிக் கேக்கறேன்."

6.

மேசையை ஆறு இன்ச் வெட்டலாமே என்று உங்களுக்கு எப்போதோ தோன்றியிருக்கும். ஒரு தச்சரைக் கூப்பிட்டால் அரைநாள் வேலை. ஒரு இழுப்பறை போகும், அவ்வளவுதான். எனக்கு அது ஏழு நாளும் தோன்றவில்லை. வெட்டுப்பட வேண்டியது தொட்டிதான் என்று நானும் எண்ணியிருந்தேன். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் நான் மேசையையே தூக்கித் தானமாகக் கொடுத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து எழுதுகிறேன். என் மனைவி படித்துவிட்டு, "நீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாவதில் மீன் டேப் அக்கா கடைக்குப் போய்விடுகிறது. மாமனார் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், மீன் அவர் விரலை அடையாளம் கண்டு மேலே வருகிறது. நல்ல முடிவு, வாசகர் கடிதம் வரும். மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றார். அந்தத் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தேன். என்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

7.

இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போது டேப் அக்காவின் போன் வந்துவிட்டது. என் மனைவி எடுத்தாள். உங்கள் மீன், நீங்களே சொல்லுங்கள் என்று ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க ஐயா, நாலடிக்கு வெட்டட்டுமா?"

"வெட்டச் சொல்லுங்க மாமா" என்றேன் நான். சத்தமாகவே சொன்னேன். மேசையை அறுக்க நாளைக்கே தச்சரை வரச்சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

மாமனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஐம்பது வருஷம் ஆட்களுக்கு அளவெடுத்தவர். யாராவது வாயால் அளவு சொன்னால் கேட்டுக்கொள்வார், நம்பமாட்டார். ஆளைப் பார்த்துத்தான் வெட்டுவார். அதே பார்வையில் என் முகத்தைப் பார்க்கிறார்.

என் முகத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கிற இடத்திலிருந்து என்னால் அதைப் பார்க்கவும் முடியாது. கொஞ்சம் தள்ளி, அவர் பக்கம் வந்து நின்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் இன்னும் லைனில் இருக்கிறார்.