வரைபடத்தின் வெள்ளைப் பகுதி

எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகச் சுவரில் மாநில வரைபடம் ஒன்று தொங்குகிறது. காற்று எங்கே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு தீட்டியிருக்கும். வடக்கே ஆறு. ஆற்றோடு எங்கள் மாநிலம் முடிகிறது, அதற்கு மேல் வெறும் வெள்ளை. பத்தொன்பது வருஷமாக அதன் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தேன். அந்த வெள்ளையில்தான் என் அக்கா குடியிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த தெருக்காரர்கள் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கொடியில் காயும் துணியெல்லாம் கரி. மாநில விதி கேட்பது ஒன்றுதான்: எங்கள் எல்லைக்குள் காற்று மாசு வரம்பைத் தாண்டக் கூடாது. புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவி எடுக்கும் கருவியை வைக்கலாம், இல்லையென்றால் புகைபோக்கியை உயர்த்தலாம். நிலையத்தார் உயர்த்தினார்கள், அதுவும் இரண்டு மடங்கு. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். ஒரே மாதத்தில் சிவப்பு பச்சையானது. எனக்குப் பதவி உயர்வு. தலைகால் புரியாமல் அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

“என் மூக்கி பெரிய ஆளாயிட்டா!” என்றாள். சின்ன வயதில் எதைக் கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். அதற்காக அவள் வைத்த பேர்.

அக்கரையில் அவளுக்குச் சலவைக் கடை. மருத்துவமனை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பாள். அதன் பிறகு இரண்டே வருஷத்தில் மாடிப்படி ஏற முடியாமல் போனாள். மருத்துவர் சோப்புத்தூளைக் குறை சொன்னார், அத்தான் வயதைக் குறை சொன்னார். போன வருஷம் அவள் மொட்டைமாடியில் காய்ந்த விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். விரலில் சாம்பல் ஒட்டியது. நிமிர்ந்து தெற்கே பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான் கையெழுத்துப் போட்ட புகைபோக்கி நின்றது. அதன் புகை நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அலுவலகத்தின் கையடக்க அளவுக்கருவியைக் காய்கறிப் பையில் மறைத்து எடுத்துப்போய் அந்த மாடியில் அளந்து ஒரு நோட்டில் குறித்தேன். மத்திய அரசின் வரம்பைப் போல மூன்று மடங்கு. “என்னடி அது?” என்று அக்கா கேட்டால் “ஆபீஸ் வேலை” என்று மழுப்புவேன்.

அக்கரைக்காரர்கள் ஏறாத படியில்லை. அவர்களுடைய மாநில அலுவலகம், “நிலையம் எங்க எல்லைக்குள்ள இல்லையே” என்றது. எங்கள் அலுவலகம், “நோயாளிங்க எங்க எல்லைக்குள்ள இல்லையே” என்றது. சொன்ன வாயில் என் வாயும் ஒன்று. கடைசியில் மத்திய ஆணையம் விசாரணை வைத்தது. அப்போதுதான் தெரிந்தது, அந்த மாநிலம் தன் அளவுக்கருவிகளையெல்லாம் தலைநகரிலேயே வைத்திருக்கிறது. ஆற்றங்கரையில் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே ஆதாரம் என் நோட்டு.

நோட்டோடு மேலதிகாரியிடம் போனேன். எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும் அவர் சொல்வது ஒன்றே என்பதால் அவருக்கு ‘ஆறப்போடு’ என்றே பேர்.

“எல்லை தாண்டி எடுத்த அளவு செல்லாதும்மா. கொஞ்சம் ஆறப்போடுங்க. நம்ம பச்சையை மட்டும் வாசிங்க. அனுமதியில யார் கையெழுத்து இருக்குன்னு ஞாபகம் இருக்கில்ல?”

இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று வீராப்பாகச் சொல்லிக்கொள்ளலாம். அக்காவுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் என் பயம்.

விசாரணை அன்று அவள் மனுக் கொடுத்தவர்களோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள், மடியில் மூச்சு மருந்தோடு. பக்கத்துப் பெண்ணிடம் பெருமையாக என்னைக் காட்டினாள். நான் பச்சையை வாசித்தேன்.

“அளவு எப்படிக் குறைஞ்சது? கந்தகம் கழுவற கருவி வெச்சாங்களா?” என்று கேட்டார் ஆணைய அதிகாரி.

“இல்லைங்க. புகைபோக்கியை உயர்த்தினாங்க.”

“அப்போ அந்தப் புகையெல்லாம் எங்க போச்சு?”

ஆறப்போடு செருமினார். நான் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“இது எங்க அளந்தது?”

“அக்கரையில. எங்க அக்கா மாடியில.”

“உயர்த்த அனுமதி கொடுத்தது யாரு?”

“நான்தாங்க.”

மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

நோட்டு செல்லாது என்றது ஆணையம். ஆனால் ஆற்றங்கரையில் தன் அளவுக்கருவியை வைத்து ஒரு வருஷம் அளந்த பிறகு முடிவு செய்வோம் என்றது. எனக்கு அன்றே தற்காலிகப் பணிநீக்கம்.

வெளியே அக்கா நின்று நின்று படி இறங்கிக்கொண்டிருந்தாள். பையை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

“புகை எங்க பக்கம் வரும்னு உனக்குத் தெரியாதாடி?”

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

“தெரியும்க்கா. காத்து வடக்கதான் அடிக்கும்னு தெரியும். படிவத்துல அந்தப் பக்கத்தைப் பத்திக் கேக்கல. நானும் நினைக்கல.”

கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் மூச்சு வாங்கினாள். அழுகிறாளா, இளைக்கிறாளா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அழுதது நான்தான்.

“ஆணையத்தோட கருவியை என் மாடியில வெச்சுக்கச் சொல்லிட்டேன்,” என்றாள். “தினம் ஏறித் தூசு துடைக்கணுமாம். நீ வந்து ஏறு. என்னால முடியாது.”