மஞ்சள் பூசிய பாறை

என் கோபம் என் வீட்டுக்காரர் சீனுவுக்கு இன்றுவரை புரியவில்லை. "கல்லு இருக்கில்ல ராஜம், அப்புறம் என்ன?" என்கிறார். இருக்கிறது. வயிற்றெரிச்சலே அதுதான்.

அச்சரப்பாக்கம் மலையடியில் அந்தப் பாறையைக் கண்டுபிடித்தவள் நான். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவளுக்குப் பார்த்ததும் தெரியாதா? வழவழவென்று ஐந்து நீள்பள்ளங்கள். புதிய கற்காலத்து மனிதர்கள் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கற்கோடரி தீட்டிய இடம். ஒன்றில் கையை வைத்தேன், முழங்கை வரை கச்சிதமாகப் படுத்தது.

பக்கத்துக் குவாரி அதை நெருங்கிக்கொண்டிருந்தது. தொல்லியல் துறைக்கு எழுதலாம் என்றேன். "அவங்க வர்றதுக்குள்ள ஜல்லியாயிடும்" என்றார் சீனு. கல்பாக்கத்தில் கதிர்வீச்சு அளக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சளைக் கரைத்துப் பாறையில் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் நறுக்கி வைத்துவிட்டு வந்தார். வேண்டாம், பொய் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

பலித்தது. குவாரி மேஸ்திரி திருவேங்கடம் வண்டியைத் திருப்பிவிட்டார். "சாமி கீது டீச்சர். நமக்கு இன்னாத்துக்கு வம்பு?"

சாமியை யாராவது வெயிலில் விடுவார்களா? தையில் கொட்டகை, பங்குனியில் சுவர். கோயில் கமிட்டித் தலைவரும் அதே திருவேங்கடம்தான். ஓடிப்போய், "இது சாமியில்லை, ஆயுதம் தீட்டின கல்லு" என்றேன்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா சூலம் தீட்டுன எடம். நீயே சொல்லிட்ட டீச்சர்."

எதைச் சொல்லி என்ன? கும்பாபிஷேகத்தன்று போய்ப் பார்த்தால், ஐந்து பள்ளத்தையும் காணோம். சிமெண்டு.

"பாலு தேங்கி ஈ மொய்ச்சுகினு இருந்திச்சி, அடைச்சிட்டோம்" என்றார் திருவேங்கடம். "தண்ணி போவ மாமல்லபுரத்து ஆளை வச்சி மிஷின்ல புதுசா ஒரு காவா வெட்டிகீறோம், பாரு."

பார்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் ஆத்தாளை முதலில் அடையாளம் கண்டவர் என்று சீனுவைக் கூப்பிட்டுத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அவரும் வாகாகக் குனிந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பரிவட்டத் துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்தேன்.

"சாமி குத்தம், ராஜம்" என்று பதறிக்கொண்டு வந்து பிடுங்கினார், மஞ்சள் கரைத்த அதே கையால்.