கிழிக்க ஓர் இலை இல்லை

என் தம்பி குராய்க்குக் கோபம் வந்தால் வாய் முதலில் ஓடும், புத்தி மறுநாள்தான் வந்து சேரும். அன்றும் அப்படித்தான் நடந்தது. பாக்குர் கல் குவாரியில் கூட வேலை செய்கிற நான்கு பேரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தவன், வரும் வழியில் சந்தையில் ஒரு கட்டுப் பேப்பர் தட்டும் வாங்கி வந்தான். பளபளவென்று வெள்ளித்தாள் ஒட்டிய தட்டு. வீட்டில் அவன் மனைவி மைனோ சால் மரத்து இலைகளைக் கோத்துத் தைத்த சாப்பாட்டு இலைகள் கூரையை முட்ட அடுக்கியிருந்தன. வெளியூர்க்காரர்கள் முன்னால் அவற்றை எடுத்துப் போட அவனுக்கு வெட்கமாக இருந்ததாம்.

எங்கள் சனத்துக்கு இலை என்றால் சோறு மட்டுமா? ஊர்க்கூட்டத்துக்கு ஆள் அனுப்பும்போது சால் கிளையைத்தான் கொடுத்தனுப்புவோம். அதில் எத்தனை இலையோ அத்தனை நாளில் கூட்டம். நோய் என்றால் இலையில் எண்ணெய் தேய்த்துத்தான் காரணம் பார்ப்போம். அந்த இலைக்காக எங்கள் மந்திரக்காரர் இரண்டு ஊர் தாண்டி மைனோ வீட்டுக்கு வருவார். பூச்சி கடிக்காத இலையை நூறு இலைக்குள் கை விட்டுப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். தையல் இலைக்கு எது, தொன்னைக்கு எது, மீனைச் சுற்றித் தணலில் போட எது என்று மரத்தில் இருக்கும்போதே அவளுக்குத் தெரியும். அவள் தைத்த இலையில் கஞ்சியையே ஊற்றலாம், ஒரு சொட்டு ஒழுகாது. நாத்தனார் வாயிலிருந்தே இது வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவள் அந்தப் பேப்பர் தட்டுகளைப் பார்த்தாள். கோழிக்குழம்பும் சோறுமாக நான்கு தட்டையும் விருந்தாளிகள் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பன்றிக்குக் கொட்டிவிட்டாள். நான்கு பேரும் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

குராய் குதித்தான். "ஊர் முன்னால இலை கிழிக்கிறேன் பாருடீ!"

எங்களில் அந்த வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. புருஷன் கழுத்தில் துண்டைப் போட்டு, சூரியனைப் பார்த்து ஒற்றைக் காலில் நின்று, மூன்று சால் இலைகளைக் கிழித்து, நீர் நிறைந்த செம்பைக் காலால் கவிழ்த்தால் கல்யாணம் முடிந்தது. பெண் அன்றே தாய்வீடு போய்விட வேண்டும். பதினோரு வருஷக் குடித்தனம். மறுநாளே அவன் முகம் செத்துப் போயிருந்தது. ஆனால் வெளியாட்கள் நான்கு பேர் காதில் விழுந்த சொல்லை எப்படி விழுங்குவது? ஊர்த் தலைவர் ஜாத்ரா மாஞ்ஜியிடம் போய்ச் சொன்னான். அவர் நான்காம் நாள் என்று குறித்துவிட்டார்.

அந்த மூன்று நாளும் நான் மைனோவிடம் போய் நின்றேன். அவள் இலை தைத்துக்கொண்டே இருந்தாள்.

"அடியே, குடித்தனமே போகப் போகுது. நீ பாட்டுக்கு இலை தைக்கிற?"

"ஊரே வருதே அண்ணி. கூட்டம் கூப்பிட்டவங்கதானே சோறு போடணும்? எதுல போடுறது, பேப்பர்லயா?"

"அவன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாத்தான் என்ன?"

"பன்னிகிட்ட வேணா கேக்கறேன். அந்தத் தட்டையும் சேத்துத் தின்னுட்டு ரெண்டு நாளா சாணி போடாம கெடக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மூங்கில் ஈர்க்கு அவள் விரலில் குத்தி ரத்தம் வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் விரலில் ஈர்க்கு குத்தி நான் பார்த்ததில்லை.

நான்காம் நாள் காலை. தலைவர் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. செம்பில் தண்ணீர் தயாராக இருந்தது. குராய் கழுத்தில் துண்டோடு வந்து மூன்று இலைகளை நீட்டினான். தளதளவென்று செம்பு நிறத் தளிர்.

மாஞ்ஜி எழுந்துவிட்டார். "டேய், இதை எப்பப் பறிச்ச?"

"இப்பதான் மாமா."

"பாஹா முடிஞ்சிருச்சா?"

பாஹாப் பண்டிகையில் தெய்வத்துக்குப் படைக்கும்வரை புதுத் தளிரையும் பூவையும் எங்களில் யாரும் தொட மாட்டோம். பொடிப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். குவாரிக்குப் போன என் தம்பிக்கு மறந்துவிட்டது. மரத்தில் பழைய இலையெல்லாம் உதிர்ந்து தளிர் மட்டும் நிற்கிற சமயம் அது; பழசு வேண்டுமென்றால் வீட்டில் சேர்த்து வைத்ததுதான்.

"கல்லுத்தூசி கண்ணோட நிக்கல, மண்டைக்குள்ளயும் போயிருச்சு போல. இதுக்குத் தனியா ஒரு கோழி வெட்டணும் நீ. போ, போன வருஷத்து இலை மூணு கொண்டா" என்றார் மாஞ்ஜி.

"பேப்பர் தட்டு மிச்சம் இருக்குமேடா, அதைக் கிழியேன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். குராய் காது சிவந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து இலை தருவதாகச் சொன்னார்.

மாஞ்ஜி சீறினார். "அடுத்த வீட்டு இலைய வெச்சு இவன் கல்யாணத்த எப்படிய்யா கிழிக்கிறது?"

மைனோ ஓர் அடுக்குத் தையல் இலையைத் தலையில் சுமந்து வந்து இறக்கினாள். "உதிரி இலை ஒண்ணுகூட இல்ல மாமா. எல்லாம் தைச்சாச்சு. வேணும்னா அவரையே பிரிச்சு எடுத்துக்கச் சொல்லுங்க."

குராய் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தையல் இலையை மடியில் வைத்தான். பாறையை உளி வைத்துப் பிளக்கிற கை அது. ஈர்க்கின் முனை எங்கே தொடங்குகிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. நகத்தால் நெம்பினான், உள்ளேயே ஒடிந்தது. பல்லால் இழுத்தான். வெயில் ஏறியது. ஈர்க்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தரையில் வைத்தான். முப்பதுக்கு மேல் சேர்ந்த பிறகு ஓர் இலை தனியாக வந்தது. மாஞ்ஜி அதை வாங்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

"ஓட்டை இலை செல்லாது. முழுசா வேணும்."

குராய் தரையில் கிடந்த ஈர்க்குக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நான்கு நாளில் முதன்முதலாக அவளிடம் பேசினான். "ஒரு தட்டுக்கு இத்தனையா குத்துவ?"

"நீ எங்க பாத்த? தின்னுட்டுத் தூக்கிப் போடுறவன்தானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இலை கெடைக்கிறப்ப கெடைக்கட்டும், எனக்குப் பசிக்குது" என்றார் மாஞ்ஜி. அவ்வளவுதான், ஊர் வரிசையாக உட்கார்ந்தது. மைனோ இலைகளைப் போட்டாள். எழுபது எண்பது இலை, எல்லாம் ஒரே வட்டம், ஒரே அளவு. வாசல் முழுவதும் பச்சையும் பழுப்புமாக அவள் கைவேலை கிடந்தது. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்டவளையா அனுப்பப் போகிறோம் என்று ஆத்திரமாகவும் இருந்தது.

கடைசியாகக் குராயிடம் வந்தாள். அவன் மடியில் கிடந்த பாதி பிரிந்த தட்டை வாங்கினாள். நின்றபடியே நான்கே நான்கு ஈர்க்கு குத்தி, அவன் முன்னால் போட்டு, சோறு வைத்து மீன்குழம்பு ஊற்றினாள்.

"தின்னுட்டுக் கிழி. வெறும் வயித்தோட ஒத்தக் கால்ல நின்னா விழுந்து வெப்ப."

அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். மூன்றாவது கவளம் தொண்டையில் அடைத்துக்கொண்டது. விக்கினான். கண்ணில் நீர் முட்ட, கையால் இப்படியும் அப்படியும் துழாவினான். பக்கத்தில் இருந்தது அந்தச் செம்பு ஒன்றுதான். எடுத்தான், அண்ணாந்தான், கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

வரிசையில் அத்தனை கையும் நின்றுவிட்டது.

"ஏண்டா டேய்," என்றார் மாஞ்ஜி மெதுவாக, "அதைக் கவுக்கத்தானேடா வெச்சிருந்தோம்?"

குராய் புறங்கையால் வாயைத் துடைத்தான். "கவுத்தாச்சு மாமா. உள்ள."

முதலில் சிரித்தது மாஞ்ஜிதான். அப்புறம் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் இரண்டும் செய்துகொண்டிருந்தேன். மைனோ மட்டும் அகப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். குராய் நான்கே ஈர்க்கில் நிற்கும் அந்த இலையை இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

ஊற்றினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.